வாசகர் கேள்வி – பதில்: உங்கள் வீட்டுக் கடன் இப்போது யார் கணக்கில் இருக்கிறது?

வீட்டுக் கடன் பற்றிச் சென்ற இதழில் எழுதிய சிறு குறிப்புக்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வங்கிகள் தாங்கள் கொடுத்த கடன்களைத் திரட்டிப் பத்திரங்களாக மாற்றி முதலீட்டாளர்களுக்கு விற்பதைப் பற்றியவை. சந்தையில் இதைச் செக்யூரிட்டைசேஷன் என்பார்கள். நான் கடன் பத்திரமாக்கல் என்று எழுதுகிறேன். வங்கியொன்றின் கடன் ஆவணப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், என் கவனம் எப்போதும் கோப்புகளின் மேல்தான் இருக்கும். கடன் கைமாறும்போது அதன் ஆவணங்கள் எங்கே போகின்றன, அவற்றைப் பற்றி யாருக்கு யார் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டவர்களின் கடிதங்களையே இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*கேள்வி: ஐயா, 2009-இல் எடுத்த வீட்டுக் கடனுக்கு மாதந்தோறும் டெபிட் ஆர்டர் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாடு) மூலம் தவணை போய்க்கொண்டிருக்கிறது. அண்மையில் வந்த அறிக்கையின் அடியில், என் கடன் வேறொரு நிறுவனத்துக்குச் ‘செஷன்’ செய்யப்பட்டுவிட்டதாகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. என்னைக் கேட்காமல் என் பாண்டை விற்கலாமா? இனி நான் யாருக்குப் பணம் கட்ட வேண்டும்?*
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ‘பாண்ட்’ என்ற சொல்லை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவில் நாம் வீட்டுக் கடனையும், அதற்காக வீட்டின் மேல் பதிவாகும் அடமானத்தையும் பாண்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஜொகன்னஸ்பர்க் பங்குச் சந்தையிலோ பாண்ட் என்றால் முதலீட்டாளர் வாங்கி வைத்துக்கொள்ளும் கடன் பத்திரம். பத்திரமாக்கலில், நம்மைப் போன்றவர்களின் ஆயிரக்கணக்கான வீட்டுப் பாண்டுகளை ஒரே தொகுதியாக்கி, அவற்றின் தவணை வருமானத்தை ஆதாரமாக வைத்துச் சந்தைப் பாண்டுகள் வெளியிடப்படுகின்றன. தங்கள் தவணைப் பணம் இப்போது ஏதோ ஓர் ஓய்வூதிய நிதிக்கு வட்டியாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கக்கூடும்.

தங்களைக் கேட்காமல் செய்யலாமா என்றால், பொதுவாகச் செய்யலாம். நம் நாட்டின் ரோமன்-டச்சுச் சட்ட மரபில், கடன் கொடுத்தவர் தமக்கு வர வேண்டியதைப் பெறும் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதே செஷன். ஒப்பந்தம் அதைத் தடுக்காத வரையில் கடனாளியின் சம்மதம் அதற்குத் தேவையில்லை. வீட்டுக் கடன் ஒப்பந்தங்களில் வங்கிக்கு இந்த உரிமையை வெளிப்படையாகத் தரும் ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். தங்கள் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆனால் சட்டம் கடனாளியைக் கைவிட்டுவிடவும் இல்லை. உரிமை மாற்றம் தங்களுக்குத் தெரிய வரும் வரையில் பழைய வங்கிக்குத் தாங்கள் நல்லெண்ணத்துடன் செலுத்திய ஒவ்வொரு தவணையும் செல்லும். அந்த வங்கிக்கு எதிராகத் தாங்கள் எழுப்பியிருக்கக்கூடிய வாதங்களைப் புதிய உரிமையாளருக்கு எதிராகவும் எழுப்பலாம். வட்டி, தவணைக் காலம் முதலிய நிபந்தனைகள் கைமாறியதனால் மாறுவதில்லை.

பணம் கட்டுவதைப் பொறுத்தவரை, தங்கள் டெபிட் ஆர்டரை நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலான திட்டங்களில், கடனை விற்ற வங்கியே சேவை முகவராக நியமிக்கப்பட்டு, தவணையை வசூலித்து, கணக்கெழுதி, புதிய உரிமையாளரிடம் சேர்க்கிறது. அதனால்தான் பலருக்குத் தங்கள் கடன் கைமாறியதே தெரிவதில்லை. கடன் உரிமையுடன் அடமானமும் பதிவு மாற்றம் செய்யப்பட்டிருந்தால், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள பத்திரப் பதிவகத்தில், கட்டணம் செலுத்தித் தேடினால், தங்கள் அடமானப் பத்திரத்தின் மேல் அந்தக் குறிப்பு இருக்கும்.

இந்த முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1989-இலேயே யுனைடெட் பில்டிங் சொசைட்டி வீட்டுக் கடன்களைப் பத்திரமாக்கியது. 1999-இல் தொடங்கிய எஸ்.ஏ. ஹோம் லோன்ஸ் நிறுவனம் நம் டர்பனைச் சேர்ந்தது. வைப்புத்தொகை எதுவும் வாங்காமல், பத்திரமாக்கலின் வழியே பணம் திரட்டி வீட்டுக் கடன் கொடுத்த அந்த நிறுவனத்தின் நிதித் திட்டங்களுக்கு, நம் நகரத்தின் ஜூலுப் பெயரையொட்டித் தேக்வினி என்றே பெயர் வைத்தார்கள்.

சட்டத்தின் பார்வையில் இதற்குள்ள இடம் சற்று விசித்திரமானது. பொதுமக்களிடமிருந்து பணம் வாங்குவது 1990-ஆம் ஆண்டின் வங்கிகள் சட்டப்படி வங்கித் தொழில். அதை உரிமம் இல்லாதவர் செய்யக் கூடாது. கடன் தொகுதியை வாங்கிப் பத்திரம் வெளியிடும் நிறுவனம் வங்கியன்று. எனவே, நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டால் அது வங்கித் தொழிலாகக் கருதப்படாது என்று அரசு ஒரு விலக்கு அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. இப்போதுள்ள அறிவிப்பு 2008 ஜனவரி 1-ஆம் தேதியிட்டது. உறுப்பினர்கள் சேர்ந்து பணம் போட்டுச் சேமிக்கும் நம் ஊர் ஸ்டோக்வெல் குழுக்களும் இதே போன்ற விலக்கின் கீழேதான் இயங்குகின்றன. நம் தாய்மார் நடத்திய சீட்டில், நோட்டுப் புத்தகம் வைத்திருந்தவரின் மேல் எல்லோருக்கும் எத்தனை நம்பிக்கை இருந்ததோ, அதே நம்பிக்கையைப் பல கோடி ரேண்ட் அளவில் எழுத்துப்பூர்வமாகக் கட்டாயப்படுத்துவதே இந்த நிபந்தனைகளின் சாரம் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

*கேள்வி: 2011-இல் எடுத்த எங்கள் வீட்டுக் கடனில், இடையில் சில மாதங்கள் தவணை தவறியது. அப்போது சேர்க்கப்பட்ட தொகைகள் எனக்கு விளங்கவில்லை. ஒப்பந்தத்தின் நகலும், தொடக்கம் முதலான கட்டண விவரமும் கேட்டேன். “உங்கள் கடன் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது, கோப்பு எங்களிடம் இல்லை” என்று கிளையில் சொன்னார்கள். இனி நான் யாரைக் கேட்பது?*
— வாசகி, பீனிக்ஸ்

பதில்: அம்மா, அந்தப் பதில் ஏற்கத்தக்கதன்று. தங்களைத் திருப்பி அனுப்பியவருக்கு விதி தெரியாமல் இருந்திருக்கலாம். அதனால் தங்கள் உரிமை குறைந்துவிடாது.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தில் ‘கடன் வழங்குநர்’ என்பதற்குத் தரப்பட்டுள்ள விளக்கத்திலேயே, ஒப்பந்தம் ஏற்பட்ட பிறகு கடன் வழங்குநரின் உரிமைகளைப் பெற்றுக்கொள்பவரும் அடங்குகிறார். அந்தச் சிறிய வாசகத்துக்குப் பெரிய விளைவு உண்டு. தங்கள் கடனை வாங்கிய நிறுவனம், தங்கள் முகத்தை ஒருநாளும் பார்த்திராவிட்டாலும், சட்டத்தின் முன் தங்களுக்குக் கடன் வழங்குநராகி, அதற்குரிய கடமைகளையும் தோளில் ஏற்றுக்கொள்கிறது. வங்கி அந்த நிறுவனத்தின் சேவை முகவராக இருந்தால், தங்கள் விண்ணப்பத்தைப் பெற்று, கோப்பை வரவழைத்துத் தருவது வங்கியின் வேலை. இரண்டு அலுவலகங்களுக்கு இடையில் தங்களை அலைய விடுவதற்கு இடமே இல்லை.

சட்டத்தின் 170-ஆம் பிரிவு, கடன் விண்ணப்பங்கள், ஒப்பந்தங்கள், கணக்குகள் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆவணம் பராமரிக்க வேண்டும் என்கிறது. அதன் கீழான 55-ஆம் ஒழுங்குவிதி எவை எவை என்று சொல்கிறது: விண்ணப்பம், ஒப்பந்தத்துக்கு முன் தந்த அறிக்கையும் விலைக்கூறும், கையெழுத்திட்ட ஒப்பந்தம், கடனைத் தாங்கும் சக்தி தங்களுக்கு இருக்கிறதா என்று மதிப்பிட்டதற்கான சான்றுகள், செலுத்திய தொகைகளின் பதிவு, தவணை தவறியபோது எடுத்த நடவடிக்கைகள். இவற்றை ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ‘முடிந்த நாளிலிருந்து’ என்பதைக் கவனியுங்கள். 20 ஆண்டுக் கடனானால், முதல் நாளில் தாங்கள் கொடுத்த சம்பளச் சீட்டின் நகல் ஏறக்குறைய 23 ஆண்டுகள் பத்திரமாக இருந்தாக வேண்டும். இடையில் கடன் எத்தனை முறை கைமாறினாலும் அந்தக் காலம் புதிதாகத் தொடங்குவதுமில்லை, குறைவதுமில்லை. இதற்கு மேல், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்த ஆவணங்களை, உறவு முடிந்த பின் 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லும் 2001-ஆம் ஆண்டின் நிதிப் புலனாய்வு மையச் சட்டமும், நிறுவனப் பதிவேடுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்லும் 2008-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டமும் தனித்தனியே பொருந்துகின்றன.

இனி, தாங்கள் கேட்க வேண்டிய முறை. தேசியக் கடன் சட்டத்தின் 110-ஆம் பிரிவின் கீழ், தற்போதைய நிலுவை, குறிப்பிட்ட காலத்தில் வரவு பற்று வைக்கப்பட்ட தொகைகள், தவறிய தவணைகளும் அவை எந்த நாளில் தவறின என்பதும், இப்போது கட்ட வேண்டியது எவ்வளவு என்பதும் கொண்ட அறிக்கையைக் கட்டணமின்றிக் கேட்கலாம். கேட்கும் விவரம் கடந்த ஓராண்டுக்குள் அடங்கினால் 10 வேலை நாட்களிலும், அதற்கு முந்தையதும் சேர்ந்தால் 20 வேலை நாட்களிலும் தர வேண்டும். தங்களுக்குத் தொடக்கம் முதல் வேண்டுமென்பதால் 20 நாட்கள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அறிக்கை வந்த பிறகு, விளங்காத ஒவ்வொரு பதிவையும் தேதியும் தொகையும் குறிப்பிட்டு, 111-ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் மறுத்து எழுதுங்கள். அதற்கு எழுத்து மூலம் விளக்கம் தரும் வரையில், மறுக்கப்பட்ட அந்தப் பதிவால் எழுந்த தவறுதலை வைத்துத் தங்கள் மேல் வழக்குத் தொடர முடியாது. இந்தப் பாதுகாப்பைப் பற்றி அறிந்தவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது.

ஆவணப் பிரிவில் நான் இருந்த நாட்களில், ஒரு கடன் தொகுதி விற்பனைக்குப் போகும் முன், கணினியில் உள்ள கடன் பட்டியலைக் காகிதக் கோப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலை எங்களுடையது. வாரக்கணக்கில் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்ப்போம். ஒருமுறை, ஒரு விதவைத் தாயின் கணக்கு நிலுவையில் இருப்பதாகப் பட்டியலில் இருந்தது. கோப்பைத் திறந்தால், கணவர் இறந்ததும் ஆயுள் காப்பீட்டுத் தொகை வந்து கடனில் பெரும்பகுதி தீர்ந்ததற்கான கடிதம் அதில் இருந்தது. அது கணக்கில் ஏறவே இல்லை. அந்தக் கோப்பைத் திறக்காமலேயே தொகுதியைக் கைமாற்றியிருந்தால், அந்த அம்மாவின் வீட்டை முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயரில் ஏலம் கேட்டிருப்பார்கள். பிழை எங்கள் பிரிவில்தான் நடந்தது. அன்று முதல் எனக்கு ஒவ்வொரு கோப்பும் ஒரு குடும்பமாகவே தெரிந்தது.

இதே அலட்சியம் நாடு தழுவிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. அங்கே, கைமாறிக் கைமாறிப் போன வீட்டுக் கடன்களுக்கு உரிய தாள்கள் இல்லாத நிலையில், வங்கி ஊழியர்கள் தாங்கள் படித்தே பார்க்காத பிரமாண வாக்குமூலங்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டு வீடுகளைப் பறிமுதல் செய்தது 2010-இல் வெளியே வந்தது. 2012-இல் ஐந்து பெரிய கடன் சேவை நிறுவனங்கள் 49 மாநில அரசுகளோடும் மத்திய அரசோடும் சுமார் 25 பில்லியன் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

தங்கள் கடிதத்துக்கு உரிய காலத்தில் பதில் வராவிட்டால், 2024 மார்ச் 1 முதல் இயங்கிவரும் தேசிய நிதிக் குறைதீர்ப்புத் திட்டத்திடம் கட்டணமின்றி முறையிடலாம். முன்பு வங்கிகளுக்கும் கடன் தகவலுக்கும் காப்பீட்டுக்கும் தனித்தனியே இருந்த குறைதீர்ப்பாளர்கள் இப்போது அந்த ஒரே குடையின் கீழ் இருக்கிறார்கள். கடிதத்தின் நகலையும் அனுப்பிய சான்றையும் தாங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் வைத்திருக்கும் கடமை வங்கிக்கு இருந்தாலும், நம் வீட்டு அலமாரியிலும் ஒரு கோப்பு இருப்பது நல்லது.

*கேள்வி: ஒரு திருமண வீட்டில் நண்பர் ஒருவர், வங்கி கடனைப் பத்திரமாக்கிவிட்டால் அதற்குரிய பணம் வங்கிக்கு முன்பே கிடைத்துவிடுகிறது, ஆகவே நாம் கட்ட வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் எளிதாக வெல்லலாம் என்றார். உண்மையா?*
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: உண்மையன்று. இதை நம்பித் தவணையை நிறுத்தியவர்கள் வீட்டை இழக்கும் ஆபத்தில் போய் நிற்கிறார்கள். வங்கி உரிமையை விற்றுப் பணம் பெற்றது என்பதற்குக் கடன் தீர்ந்தது என்று பொருளில்லை. அந்தக் கடனைப் பெறும் உரிமை வேறொருவரிடம் போயிருக்கிறது, அவ்வளவுதான். “என் கடன் பத்திரமாக்கப்பட்டிருக்கலாம்” என்ற வெறும் ஊகத்தை எதிர்வாதமாக நம் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை.

அந்தப் பேச்சில் ஒரு துளி நியாயம் உண்டு. அதை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ளுங்கள். வழக்குத் தொடருபவர் தாமே கடனின் உரிமையாளர் என்றோ, உரிமையாளரின் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்றவர் என்றோ நிரூபிக்க வேண்டும். உயர் நீதிமன்ற விதிகளில் 18(6)-ஆம் விதி, எழுத்து ஒப்பந்தத்தை நம்பி வழக்காடுபவர் அதன் உண்மை நகலை இணைக்க வேண்டும் என்கிறது. மூலப் பிரதி தொலைந்திருந்தால் வேறு சான்றுகளால் நிரூபிக்க நீதிமன்றம் இடம் தரலாம். எனவே கேட்கத் தகுந்த கேள்வி, வழக்காடுபவர் யார், எந்த ஆவணத்தின் பேரில் என்பதே. அதைத் தவணையைத் தவறாமல் கட்டிக்கொண்டே கேட்கலாம். கட்ட முடியாத நிலை வந்தால், வழக்குக்கு முன் தவணை தவறியதைச் சொல்லி அனுப்பப்படும் தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அறிவிப்பு வரும் வரை காத்திராமல், பதிவு பெற்ற கடன் ஆலோசகரை நாடுங்கள்.

*கேள்வி: எங்கள் கோயில் அறக்கட்டளையின் திருப்பணி நிதியைப் பணச்சந்தை நிதியொன்றில் (குறுகியகாலக் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் நிதி) வைத்திருக்கிறோம். அதன் விவரத் தாளில் ‘பத்திரமாக்கப்பட்ட சொத்துகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. பொருளாளர் என்ற முறையில் நான் எதைக் கேட்டறிய வேண்டும்?*
— வாசகர், வெருலம்

பதில்: கோயில் பணத்துக்குப் பொறுப்பேற்றவர் அந்த ஒரு வரியில் நின்று யோசித்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

100 மில்லியன் ரேண்ட் மதிப்புள்ள ஒரு கடன் தொகுதியை எண்ணிப் பாருங்கள். அதன் மேல் மூன்று வகைப் பத்திரங்கள் வெளியிடப்படுகின்றன: முதல் வகை 90 மில்லியன், இரண்டாம் வகை 6 மில்லியன், கடைசி வகை 4 மில்லியன். வசூலாகும் பணம் மேலிருந்து கீழே பங்கிடப்படுகிறது. நட்டம் கீழிருந்து மேலே ஏறுகிறது. தொகுதியில் 5 மில்லியன் வாராக்கடனானால், கடைசி வகை முழுவதும் அழிந்து, இரண்டாம் வகையில் 1 மில்லியன் போகும். முதல் வகை வைத்திருப்பவர் ஒரு சென்ட்டும் இழப்பதில்லை. ஆகவே பத்திரமாக்கப்பட்ட சொத்து என்று பொதுவாகக் கேட்டால் போதாது. எந்த வகை, எத்தகைய கடன்கள் என்று கேட்க வேண்டும். வீட்டுக் கடன், கார்க் கடன், மினிபஸ் டாக்ஸி வாங்கக் கொடுத்த கடன் என எல்லாமே நம் சந்தையில் பத்திரங்களாகியிருக்கின்றன. அவற்றின் ஆபத்து ஒன்றல்ல.

வெளிப்படுத்தல் விதிகள் இங்கேதான் தங்களுக்குப் பயன்படுகின்றன. 2008-ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, இந்தப் பத்திரங்கள் வங்கியின் கடன் அல்ல என்பதும், திட்டம் தோற்றால் முதலீட்டாளர் வங்கியிடம் போய் நிற்க முடியாது என்பதும் வெளியீட்டு ஆவணத்தில் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். கடனை விற்கும் வங்கியின் பெயரே அதை வாங்கும் நிறுவனத்தின் பெயரிலும் தொனித்து மக்களை மயக்கிவிடாதபடியும் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியீடு அறிவிப்பின் நிபந்தனைகளுக்கு உட்பட்டதே என்று தணிக்கையாளர் தரும் அறிக்கை அந்த ஆவணத்திலேயே இணைக்கப்படுகிறது. வங்கிகளோ, தாங்கள் பத்திரமாக்கியவற்றிலும் வாங்கி வைத்திருப்பவற்றிலும் தங்களுக்குள்ள பொறுப்பைப் பிஏ 500 என்ற படிவத்தில் வங்கிகளைக் கண்காணிக்கும், ரிசர்வ் வங்கியின் பிருடென்ஷியல் அதாரிட்டிக்குத் தெரிவிப்பதோடு, வங்கிகளுக்கான பன்னாட்டுப் பாசல் விதிகளில் வெளிப்படுத்தலைப் பற்றிய மூன்றாம் தூணின்படி பொதுமக்களுக்கும் வெளியிடுகின்றன.

சந்தையில் பட்டியலிடப்பட்ட திட்டங்கள் காலாண்டுதோறும் முதலீட்டாளர் அறிக்கை வெளியிடுகின்றன. அதில் ஓர் இடத்தைத் தாங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பேன். தவணை தவறிய கடன்கள் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்துத் தரப்பட்டிருக்கும். ஒரு காலாண்டில் 90 நாள் வரிசை திடீரென்று குறைந்தால், கடனாளிகள் பணம் கட்டிவிட்டார்கள் என்று உடனே நம்பிவிடாதீர்கள். தவறிய தவணைகளை அசலோடு சேர்த்துத் தவணைக் காலத்தை நீட்டிவிட்டாலும், அந்தக் கடன் மறுநாளே ‘ஒழுங்கான கடன்’ வரிசைக்கு வந்துவிடும். கஷ்டத்தில் உள்ள குடும்பத்துக்கு அப்படி உதவுவது நல்லதே. ஆனால் எத்தனை கடன்கள் இவ்வாறு மாற்றியமைக்கப்பட்டன என்று அதே அறிக்கையில் சொல்லாவிட்டால், முதலீட்டாளர் இருட்டில் விடப்படுகிறார். மாற்றியமைத்த கடன்களைத் தனி வரிசையில் காட்டும் அறிக்கையை நான் நம்புவேன். காட்டாத அறிக்கையைப் பற்றி நிதி மேலாளரிடம் எழுதிக் கேட்பேன்.

நிதி நிறுவனத்திடம் தாங்கள் கேட்க வேண்டியவை: இந்த வரியில் அடங்கும் பத்திரங்களின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொன்றின் வகை, மொத்த நிதியில் அவற்றின் பங்கு, சேவை முகவர் வீழ்ந்தால் வசூலைத் தொடர மாற்று முகவர் இருக்கிறாரா என்பது. பணச்சந்தை நிதி என்றால் போட்ட முதல் குறையவே குறையாது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. 2014 ஆகஸ்ட் 10 அன்று ஆப்பிரிக்கன் வங்கி நிர்வாகியின் பொறுப்பில் வைக்கப்பட்டபோது, அதன் கடன் பத்திரங்களை வைத்திருந்த சில பணச்சந்தை நிதிகளின் முதலீட்டாளர்கள் சிறிதளவு நட்டத்தை ஏற்க வேண்டியிருந்தது. அவை அந்த வங்கியின் நேரடிக் கடன் பத்திரங்கள், பத்திரமாக்கப்பட்டவை அல்ல. எனினும், நிதியின் உள்ளே என்ன இருக்கிறது என்று முன்பே கேட்டறிந்தவர்களுக்கு அன்றைய செய்தி அதிர்ச்சியாக இருந்திருக்காது.

*கேள்வி: நான் கணக்கியல் மாணவி. வங்கி திவாலானால் பத்திரமாக்கிய கடன்கள் யாருக்குச் சேரும்? இதற்கு வெளிநாடுகளில் விதிகள் எப்படி இருக்கின்றன?*
— வாசகி, லெனேசியா

பதில்: விற்பனை உண்மையான விற்பனையாக இருந்தால், அந்தக் கடன்கள் வங்கியின் சொத்துப் பட்டியலில் சேரா, வங்கி வீழ்ந்தாலும் பத்திரதாரர்களின் பக்கமே நிற்கும். ஆனால் வங்கியைப் பொறுப்பேற்கும் நிர்வாகி முதல் நாள் காலையில் கேட்கும் கேள்வி, இங்கே இருப்பவற்றில் எது வங்கியுடையது, எது பிறருடையது என்பதே. வங்கியே சேவை முகவராகவும் இருந்து, வசூலான தவணைகளைத் தன் பணத்தோடு கலந்து வைத்திருந்தால், அதைப் பிரித்தெடுப்பது பெரும் சிக்கல். எனவேதான் விற்ற கடன்களுக்குக் கணினியில் தனிக் குறியீடும், வசூலுக்குத் தனிக் கணக்கும், தினந்தோறும் சரிபார்ப்பும் வேண்டும் என்பது.

அமெரிக்காவில் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகமான எஃப்.டி.ஐ.சி. இதையே ஒரு பேரமாக்கியது. 2010 செப்டம்பரில் அது ஏற்ற விதியின்படி, வெளிப்படுத்தல், ஆவணப் பராமரிப்பு முதலிய நிபந்தனைகளை நிறைவேற்றிய வங்கி வீழ்ந்தால், பத்திரமாக்கிய கடன்களைக் கழகம் திரும்பக் கோராது. ஒழுங்காகக் கணக்கு வைப்பவருக்கே பாதுகாப்பு என்ற இந்த ஏற்பாடு, அபராதத்தைக் காட்டி அச்சுறுத்துவதைவிட அறிவார்ந்தது என்பது என் கருத்து. அந்நாட்டின் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2014-இல் தன் விதிகளைத் திருத்தி, வீட்டுக் கடன், வாகனக் கடன் முதலியவற்றின் பொது வெளியீடுகளுக்கு ஒவ்வொரு கடனின் விவரத்தையும் தனித்தனியே தரச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஒழுங்குமுறையின் 7-ஆவது உறுப்பு காலாண்டுதோறும் கடன்வாரியான விவரம் கோருகிறது. இரண்டு இடங்களிலும், விற்பவர் பொதுவாக 5 விழுக்காடு ஆபத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2021 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகளும், கடனின் வகைக்கும் காலத்துக்கும் ஏற்ப, 5 அல்லது 10 விழுக்காட்டை வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. தங்கள் படிப்பில் இந்த மூன்றையும் நம் 2008 அறிவிப்போடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் உலகம் கற்ற பாடம் எது என்பது தெளிவாகத் தெரியும்.

*கேள்வி: கடன் விவரங்களை முதலீட்டாளருக்கு வெளியிடுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் என் பெயரும் சம்பளமும் ஊராருக்குத் தெரிந்துவிடுமா?*
— வாசகி, மெரேபேங்க்

பதில்: தெரியக் கூடாது. 2013-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், பொப்பியா என்று நாம் சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாகச் செயலில் இருக்கிறது. முதலீட்டாளருக்கு வேண்டியது கடனின் குணம்: நிலுவை, வட்டி, வீட்டு மதிப்பில் கடனின் விகிதம், மாகாணம், தவணை வரலாறு. பெயரும் அடையாள எண்ணும் அவருக்குத் தேவையில்லை. கடனை வாங்கிய நிறுவனத்துக்கும் சேவை முகவருக்கும் மட்டும் அவை தேவை. அவர்களும், சட்டம் குறித்த காலம் முடிந்த பின் அவற்றைக் காரணமின்றி வைத்திருக்கக் கூடாது. தங்களைப் பற்றி என்ன விவரம், யாருக்குத் தரப்பட்டது என்று கேட்டறிய அதே சட்டம் தங்களுக்கு உரிமை தருகிறது.

*கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன ஒரு தனிநபர் கடனை ‘வாங்கியிருப்பதாக’ ஒரு நிறுவனம் தொலைபேசியில் மிரட்டுகிறது. இதுவும் பத்திரமாக்கலா?*
— வாசகர், டோங்காட்

பதில்: இல்லை. பத்திரமாக்கலில் பெரும்பாலும் ஒழுங்காக நடக்கும் கடன்கள் தொகுதியாகக் கைமாறுகின்றன. தாங்கள் சொல்வது பழைய வாராக்கடனை மலிவு விலைக்கு வாங்கி வசூலிக்கும் தொழில். அடமானமில்லாத சாதாரணக் கடன், இடையில் ஒப்புக்கொள்ளவோ கட்டவோ வழக்குத் தொடரவோ இல்லையென்றால், 3 ஆண்டுகளில் காலாவதியாகிவிடுகிறது. அப்படிக் காலாவதியான கடனை விற்பதையும் வசூலிக்க முயல்வதையும் தேசியக் கடன் சட்டத்தின் 126பி பிரிவு தடை செய்கிறது. இது 2015 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. தொலைபேசியில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள், “கொஞ்சம் கட்டிவிடுகிறேன்” என்றும் சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லே காலக்கெடுவைப் புதுப்பித்துவிடக்கூடும். மூல ஒப்பந்தத்தின் நகல், உரிமை மாற்ற ஆவணம், கடைசியாகப் பணம் கட்டிய தேதி ஆகிய மூன்றையும் எழுத்து மூலம் அனுப்பும்படி மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுங்கள்.